320-லிருந்து 360: ஒரு நர்ஸின் ஓஇடி ஸ்பீக்கிங் தயாரிப்பு

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் மெடிக்கல் வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருவரைப் பற்றியது இது. பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர், வார்டு அனுபவம் தாராளமாக இருக்கிறது, இங்கிலாந்து போகலாம் என்று அதற்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி எழுதினார். வந்த ரிசல்ட்: லிசனிங் 360, ரீடிங் 370, ரைட்டிங் 310, ஸ்பீக்கிங் 320. இங்கிலாந்தில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் என்எம்சி கேட்பது ரைட்டிங்கில் 300, மற்ற மூன்றிலும் 350. ஆக, எல்லாரும் பயப்படும் ரைட்டிங் எப்படியோ கரை சேர்ந்துவிட்டது. 'அது சும்மா பேசுறதுதானே' என்று ஹாஸ்டலில் எல்லாரும் சொன்ன ஸ்பீக்கிங் முப்பது புள்ளி குறைவாக வந்து நின்றது. மறுபடி எழுத அவருக்குப் பயிற்சி கொடுத்தவன் நான், அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். தன் பெயரும் மருத்துவமனையின் பெயரும் வேண்டாம் என்றார், அதனால் இங்கே அவர் வெறும் சிஸ்டர்.

ஓஇடி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1980-களின் கடைசியில் ஆஸ்திரேலியாவில், வெளிநாட்டிலிருந்து வரும் மருத்துவத் துறையினருக்காக உருவாக்கிய ஆங்கிலத் தேர்வு இது. ஸ்பீக்கிங்கும் ரைட்டிங்கும் ஒவ்வொரு தொழிலுக்கும் தனி. ஸ்பீக்கிங் மொத்தமே இருபது நிமிடம். முதலில் சாதாரணமாக இரண்டு வார்த்தை பேசவைப்பார்கள், அதற்கு மதிப்பெண் கிடையாது. அப்புறம் இரண்டு ரோல்-பிளே, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் கையில் ஒரு அட்டை வரும்: எந்த இடம், நோயாளிக்கு என்ன, நீங்கள் செய்ய வேண்டியது என்னென்ன. படிக்க மூன்று நிமிடம். எதிரே இருப்பவர் நோயாளியாகவோ நோயாளியின் உறவினராகவோ நடிப்பார். அவர் கையில் இருக்கும் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அவர் நமக்கு மார்க் போடுவதும் இல்லை. பேச்சு பதிவாகி வேறு மதிப்பீட்டாளர்களிடம் போகும், அவர்கள் ஒருவரை ஒருவர் கேட்காமல் தனித்தனியாகப் போடுவார்கள்.

மார்க் போடும் விதம்தான் முக்கியம், சிஸ்டரின் சிக்கலே அங்கேதான் இருந்தது. மொழிக்கு நான்கு அளவுகோல்: பேச்சு புரிகிறதா, தடையில்லாமல் வருகிறதா, நோயாளிக்கு ஏற்ற சொற்களா, இலக்கணமும் சொல்வளமும் எப்படி. ஒவ்வொன்றும் 6-க்கு, ஆக 24. இதோடு 2018 செப்டம்பரிலிருந்து இன்னும் ஐந்து சேர்ந்தன: நோயாளியோடு உறவை ஏற்படுத்துவது, அவர் பார்வையைப் புரிந்துகொள்வது, பேச்சை ஒழுங்காகக் கொண்டுபோவது, தகவல் கேட்டு வாங்குவது, தகவல் சொல்வது. ஒவ்வொன்றும் 3-க்கு, ஆக 15. மொத்தம் 39-இல் 15 என்பது சின்ன விஷயமில்லை. ஆங்கிலத்தில் பொளந்துகட்டுகிறவர்கூட நோயாளி சொன்னதைக் காதில் வாங்காமல் பேசிக்கொண்டே போனால் இதில் அடிவாங்குவார். சிஸ்டர் முதல் முறை படித்த பயிற்சி மையத்தில் கொடுத்த ஜெராக்ஸ் நோட்ஸைப் பார்த்தேன், அதில் மொழிக்கான அளவுகோல்கள் மட்டும்தான் இருந்தன. 2018-க்கு முந்தைய நோட்ஸ், பைண்டிங் மட்டும் புதுசு.

ரிசல்ட் தாளில் ஸ்பீக்கிங்குக்கு ஒரே ஒரு எண்தான் வரும், எந்த அளவுகோலில் எவ்வளவு போனது என்று பிரித்துத் தரமாட்டார்கள். அதனால் எங்கே ஓட்டை என்பதை நாமேதான் தேட வேண்டும். சிஸ்டருக்கு ஒரு முடிவு ஏற்கெனவே இருந்தது: "என் கிராமர் வீக் சார், அக்சென்டும் நல்லா இல்ல." வருகிறவர்களில் பெரும்பாலோர் இதைத்தான் சொல்வார்கள். நான் சரி என்று கேட்டுக்கொண்டு, முதலில் ஒரு ரோல்-பிளே செய்து போனில் பதிவு செய்தேன்.

அட்டையில் இருந்தது இது: 58 வயது நோயாளி, பல வருடமாகச் சர்க்கரை நோய், மாத்திரையில் கட்டுப்படவில்லை, டாக்டர் இன்சுலின் ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறார், நோயாளிக்கு விருப்பமில்லை. நர்ஸ் அவருடைய தயக்கத்துக்குக் காரணம் கேட்க வேண்டும், இன்சுலின் ஏன் என்று விளக்க வேண்டும், ஊசி போடும் முறையைச் சொல்ல வேண்டும். நோயாளி நான். என் அட்டையில் மட்டும் ஒரு விஷயம் கூடுதலாக இருந்தது: இவருடைய அம்மா இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தவர், பிற்பாடு அவருக்குக் காலை எடுத்துவிட்டார்கள். கால் போனதை நோயாளி தானாகச் சொல்லமாட்டார், கேட்டால்தான் சொல்வார்.

நான் சொன்னேன்: "ஐ'ட் ராதர் நாட் ஸ்டார்ட் இட். மை மம் வாஸ் ஆன் இன்சுலின்." சிஸ்டர் ஒரு நொடிகூட விடாமல் ஆரம்பித்தார்: "ஐ கம்ப்ளீட்லி அண்டர்ஸ்டாண்ட் யுவர் கன்சர்ன் அண்ட் ஐ எம் ஹியர் டு ஹெல்ப் யூ. இன்சுலின் இஸ் எ ஹார்மோன்..." அங்கிருந்து வண்டி நிற்கவே இல்லை. கணையம் வந்தது, வயிற்றிலும் தொடையிலும் இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்பது வந்தது, பிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும் என்பதும் வந்தது. எல்லாம் சரியான தகவல். நடுவில் நான் "ஐ சீ..." என்று இழுத்தேன், ஒரு முறை பெருமூச்சுகூட விட்டேன். கண்டுகொள்ளவில்லை. கடைசியில் "டு யூ ஹேவ் எனி கொஸ்டின்ஸ்?" என்று முடித்தார், ஐந்து நிமிடம் முடிய இன்னும் நேரம் இருந்தது. என் அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று கடைசிவரை கேட்கவில்லை.

பதிவைப் போட்டுக் கேட்டோம். இலக்கணப் பிழைகள் இருந்தன, "ஐ எம் ஹேவிங் சம் இன்ஃபர்மேஷன் ஃபார் யூ" மாதிரி. ஆனால் அவை 320-க்கு ஆளைத் தள்ளும் அளவுக்கு இல்லை. கவலையைப் புரிந்துகொண்டேன் என்று சொன்னாரே, என்ன கவலை என்று அவருக்கே தெரியாதே! அந்த வாக்கியம் மனப்பாடம் செய்தது. நோயாளி எதைச் சொன்னாலும் அதைச் சொல்லிவிட்டு அட்டையிலிருக்கும் அடுத்த வேலைக்குப் போய்விடுவது என்று பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். இந்த மாதிரி டெம்ப்ளேட் விற்பவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. தேர்வை ஐந்து நிமிடச் சொற்பொழிவாக மாற்றிப் பிள்ளைகள் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

அடுத்ததாகச் செய்ததுதான் இந்தக் கேஸில் திருப்பம். அதே அட்டை, அதே நோயாளி, ஆனால் தமிழில் பேசுவோம் என்றேன். சிஸ்டர் சிரித்தார், தேர்வு இங்கிலீஷில்தானே சார் என்றார். பரவாயில்லை, உங்கள் வார்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"எனக்கு இந்த ஊசியெல்லாம் வேணாம் சிஸ்டர். எங்கம்மா இன்சுலின்தான் போட்டுக்கிட்டிருந்தாங்க."

"அம்மாவுக்கு என்ன ஆச்சுங்கய்யா?"

இதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அடுத்த நொடி தானாக வந்தது. காலை எடுத்த கதையை நான் சொன்னதும் கொஞ்சம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அதான் பயமா இருக்கா? ஊசி போட ஆரம்பிச்சா நமக்கும் அப்படித்தான் ஆகும்னு நினைக்கிறீங்களா?" என்று கேட்டார். பிறகு, கால் போனது ஊசியால் இல்லை, பல வருடம் சர்க்கரை ஏறியே இருந்ததில் நரம்பும் ரத்தக்குழாயும் கெட்டுப்போனதால், அது வராமல் தடுக்கத்தான் இப்போதே ஊசி என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, "நான் சொல்றது புரியுதாங்கய்யா?" என்று நிறுத்தினார். அந்த ஐந்து புதிய அளவுகோலில் முக்கால்வாசி இந்த ஒரு நிமிடத்தில் இருந்தது: நோயாளி விட்ட குறிப்பைப் பிடிப்பது, அவர் நினைப்பைச் சொல்லவைப்பது, அவர் பயத்தோடு சேர்த்து விளக்குவது, துண்டு துண்டாகச் சொல்லிப் புரிந்ததா என்று பார்ப்பது. இன்சுலின் என்றால் கடைசிக் கட்டம் என்று நம்பும் ஆட்களை அவர் வார்டில் அடிக்கடி பார்க்கிறவர், அந்தப் பேச்சு அவருக்குப் புதிதே இல்லை.

அதனால் வேலைத்திட்டம் மாறியது. ஆங்கிலத்தில் நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்று முதலிலிருந்து கற்றுக்கொடுப்பதை விட்டுவிட்டு, தமிழில் செய்வதை எந்த ஆங்கிலத்தில் செய்வது என்று பார்க்க ஆரம்பித்தோம். ஒவ்வொரு அட்டையும் முதலில் தமிழில், உடனே ஆங்கிலத்தில். "அம்மாவுக்கு என்ன ஆச்சு" என்பதற்கு "வாட் ஹேப்பன்ட் வித் யுவர் மம், இஃப் யூ டோன்ட் மைண்ட் மீ ஆஸ்கிங்?" என்று வந்தது. "அதான் பயமா இருக்கா" என்பதற்கு "இஸ் தட் வாட்ஸ் வொரியிங் யூ?" போதும், அதற்கு மேல் அலங்காரம் வேண்டாம். இப்படிச் சேர்ந்த வாக்கியங்களை ஒரு நோட்டில் எழுதிவந்தார். அதுவும் மனப்பாடம்தானே என்று கேட்கலாம். இது நோயாளி சொன்னதிலிருந்து கிளம்பும் வாக்கியம், அவர் என்ன சொன்னார் என்று கேட்காமல் இதைச் சொல்லவே முடியாது.

ஒன்று சொல்லிவிட வேண்டும், நம் வார்டுப் பேச்சில் எல்லாமே அங்கே செல்லாது. "ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க" என்பது நம் ஊரில் அன்பு. ஆங்கிலத்தில் "டோன்ட் வொரி, நத்திங் வில் ஹேப்பன்" என்று போனால் அது பொய்யான உத்தரவாதம், நோயாளியின் கவலையைத் தள்ளிவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இன்னொன்று திட்டுவது. மாத்திரையை நிறுத்திவிட்ட நோயாளி அட்டை ஒன்று வந்தபோது தமிழில் சிஸ்டர் சொன்னது, "யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?" வார்டில் அது உரிமையோடு சொல்வது, நோயாளியும் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டுக்கொள்வார். தேர்வில் அது நோயாளியைக் குறைசொல்வது. "கேன் யூ டெல் மீ எ பிட் மோர் அபௌட் வொய் யூ ஸ்டாப்ட்?" என்று மாற்ற வேண்டியிருந்தது, அதையும் குரலை ஏற்றாமல். மூன்றாவது, நோயாளியை விட்டுவிட்டு கூட இருக்கும் உறவினரிடம் விளக்குவது. இங்கே அது வழக்கம், அங்கே நோயாளியிடம்தான் சொல்ல வேண்டும், அவர் சம்மதமில்லாமல் மகனிடம்கூட எதையும் சொல்லிவிட முடியாது. உறவினர் வரும் அட்டைகளில் இது அடிக்கடி இடிக்கும்.

பயிற்சிக்கு ஆள் வேண்டுமே. ஹாஸ்டலில் கூடவே இருக்கும் இன்னொரு நர்ஸும் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார், இரண்டு பேரும் மாறி மாறிச் செய்தார்கள், நைட் டூட்டி இல்லாத நாட்களில். நான் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: நோயாளியாக நடிப்பவர் கையில் எப்போதும் ஒரு ரகசியம் இருக்க வேண்டும், சரியாகக் கேட்டால்தான் வெளியே விட வேண்டும். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை, கணவனுக்குத் தெரியக் கூடாது, மாத்திரை வாங்கக் காசில்லை, இப்படி ஏதாவது. இதில் சிஸ்டருக்கு அதிகம் பலன் தந்தது நர்ஸாகப் பேசியதைவிட நோயாளியாக உட்கார்ந்ததுதான். எதிரில் இருப்பவர் தன் ரகசியத்தைக் கேட்காமல் பிரிட்ஜ் டிகிரிக்குப் போகும்போது எவ்வளவு எரிச்சல் வருகிறது என்று அவரே வந்து சொன்னார்.

பதிவு செய்ததை உட்கார்ந்து எழுதவும் சொன்னேன். தான் பேசியதைத் தானே, வார்த்தைக்கு வார்த்தை, "ம்ம்", "ஆக்சுவலி" எல்லாம் சேர்த்து. சலிப்பான வேலை, ஆனால் வேறெதிலும் தெரியாதது இதில் தெரியும். ஒரே மூச்சில் இரண்டு கேள்வியைச் சேர்த்துக் கேட்கும் பழக்கம், "டு யூ ஹேவ் பெயின் அண்ட் ஆர் யூ டேக்கிங் எனி டேப்லெட்ஸ்?" என்கிற மாதிரி, தாளில் பார்த்த பிறகுதான் விட்டது.

உச்சரிப்பைப் பற்றி நிறையப் பேர் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். தமிழ் வாடை அடித்தால் மார்க் போகாது, கேட்பவர் சிரமப்பட்டால்தான் போகும். சிஸ்டரிடம் சிரமம் தந்தவை சில. நாம் வல்லினத்தில் முடியும் ஆங்கிலச் சொல்லில் ஒரு உகரத்தைச் சேர்த்துவிடுவோம், பெட்டு, பிளட்டு, டைட்டு என்று. வேகமாகப் பேசும்போது இந்த வால்கள் எல்லாம் சேர்ந்து வாக்கியத்தைக் குழப்பும். 'எவ்ரி' என்பது 'யெவ்ரி' ஆகும், 'ஃபுட்' என்பது 'புட்' ஆகும். வார்டில் நாள் முழுக்க 'சுகர்' என்று சொல்பவர் தேர்வு அறையில் மட்டும் 'ஷுகர்' என்று சொல்ல நாக்கு கேட்காது. இவற்றில் அவர் வேலையில் அடிக்கடி வரும் சொற்களை மட்டும் எடுத்துத் திருத்தினோம், மீதியை விட்டுவிட்டோம். அதைவிடப் பலன் தந்தது வேகத்தைக் குறைத்தது. ஒரு விஷயம் சொல்லி நிறுத்தினால் உச்சரிப்பும் தானாகத் தெளியும், நோயாளியும் உள்ளே வர இடம் கிடைக்கும்.

சொற்கள் விஷயத்தில் வேறொரு தொல்லை. இங்கே நர்ஸ்கள் தங்களுக்குள் பேசும் ஆங்கிலம் ஒன்று இருக்கிறது: சிபிஜி, என்பிஓ, ஆம்புலேட் (நடப்பது), வாய்டிங் (சிறுநீர் கழிப்பது). நோயாளியிடம் அதைச் சொன்னால் பொருத்தமான மொழி என்ற அளவுகோலில் போய்விடும், விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்போம், சாப்பிடவோ குடிக்கவோ கூடாது என்று வெறும் வார்த்தையில் சொல்ல வேண்டும். இந்திய மருத்துவமனைகளுக்கே உரிய ஆங்கிலமும் உண்டு. 'பாஸ்ட் மோஷன்' என்றால் பிரிட்டிஷ் நோயாளி முழிப்பார், அங்கே 'ஓப்பன்ட் யுவர் பவல்ஸ்'. 'கிடினஸ்' என்று நாம் சொல்வதை அங்கே 'டிஸி' என்பார்கள். மருத்துவ அறிவுக்கு இந்தத் தேர்வில் மார்க் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், சிஸ்டர் முதல் முறை அவ்வளவு தகவலைக் கொட்டியதே அதற்கு மார்க் உண்டு என்று நினைத்துத்தான்.

அந்த மூன்று நிமிடத் தயாரிப்பில் முதலில் அவர் வாக்கியங்களை எழுதிக்கொண்டிருந்தார். அதை நிறுத்தினோம். அட்டையைப் படித்து, இந்த ஆள் எதற்குப் பயப்படுவார், எதற்கு முரண்டு பிடிப்பார் என்று மட்டும் யோசிப்பது, ஓரிரு கடினச் சொல்லுக்கு எளிய மாற்று எழுதுவது, முதல் கேள்வி என்ன என்று முடிவு செய்வது. அட்டையில் உள்ள எல்லா வேலையையும் முடிக்காமல் நேரம் முடிந்தாலும் குடிமுழுகிப் போகாது, அதற்காகவே மார்க்கை வெட்டுவதில்லை. இதை நம்பவைக்கத்தான் எனக்கு நிறைய நேரம் பிடித்தது.

பொது ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் எழுதுபவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே 11 முதல் 14 நிமிடம், கேள்வி கேட்பவரே மார்க் போடுபவர், நடுவில் ஒரு நிமிடம் யோசித்து இரண்டு நிமிடம்வரை தனியாகப் பேச வேண்டும். கேள்வி கேட்கும் வேலை நமக்கு இல்லை. ஆனால் மனப்பாடப் பதில் விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான், ஐஇஎல்டிஎஸ் தேர்வாளர் பதில் தாளம் தப்பிய உடனே கண்டுபிடித்துக் கேள்வியை மாற்றிவிடுவார். இன்னொரு ஆங்கிலத் தேர்வான பிடிஇ கதை வேறு, அங்கே பேச்சைக் கேட்டு மார்க் போடுவது பெரும்பாலும் கம்ப்யூட்டர். 2017-இல் ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஐரிஷ் கால்நடை மருத்துவர் ஒருவருக்கு, ஆங்கிலம் தாய்மொழி, அந்தத் தேர்வின் பேச்சுச் சரளத்தில் விசாவுக்கு வேண்டிய புள்ளி வராமல் போய்ச் செய்தியானது. அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று அந்த இயந்திரத்திடம் கேட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை.

சிஸ்டர் மறுபடி எழுதினார். ஒரு ரோல்-பிளேயில் ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டுக்குப் போகும் முதியவர், இன்னொன்றில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று பதறும் தாய். தாயோடு பேசியது பாதியிலேயே நேரம் முடிந்துவிட்டது என்று போனில் கலங்கிப்போய்ச் சொன்னார். ரிசல்ட்டில் ஸ்பீக்கிங் 360. ஆனால் முதல் முறை 360 வாங்கிய லிசனிங் இந்தத் தடவை 340-க்கு இறங்கிவிட்டது, ஸ்பீக்கிங்கையே கட்டிக்கொண்டு அழுததில் அதைத் தொடவே இல்லையாம். நல்லவேளை, பன்னிரண்டு மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வின் மதிப்பெண்களைச் சேர்த்துக்கொள்ள என்எம்சி விடுகிறது, எந்த முறையும் லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் 300-க்குக் கீழேயும் ரைட்டிங் அதற்கென்று வைத்த குறைந்தபட்சத்துக்குக் கீழேயும் போகாமல் இருந்தால் சரி. ஒரு பகுதிக்காக மறுபடி எழுதுபவர்கள் மற்ற மூன்றையும் வாரத்துக்கு ஒரு முறையாவது தொட்டுக்கொள்ளுங்கள்.

நாற்பது புள்ளி ஏறியதில் எவ்வளவு கேட்கும் பழக்கத்தால், எவ்வளவு வேகம் குறைந்ததால் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, ரிசல்ட் தாள் அதைச் சொல்வதில்லை. இலக்கணத்துக்கு நாங்கள் கிட்டத்தட்ட நேரமே ஒதுக்கவில்லை என்பதை மட்டும் சொல்லலாம். கடைசிப் பதிவில்கூட "ஐ எம் ஹேவிங்" இருந்தது. சிஸ்டர் இப்போது என்எம்சியின் அடுத்த கட்டமான, கம்ப்யூட்டரில் எழுதும் சிபிடி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். ஹாஸ்டல் தோழி அடுத்து எழுதப்போகிறார், அவருக்குச் சிக்கல் நேரெதிர்: அருமையாகக் கேள்வி கேட்கிறார், நோயாளி அழுதால் கூடவே கலங்குகிறார், ஆனால் ஐந்து நிமிடமும் அதிலேயே போய்விடுகிறது, மருந்தை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லும் இடத்துக்கு வந்து சேர்வதே இல்லை. அவரைத் தமிழில் பேசவைத்துப் பார்த்தேன், தமிழிலும் அப்படித்தான்.